இரண்டு சர்வரும் உயிரோடு இருக்கும் அந்த ஒரு நாள்

"தம்பி, ஒரே ரூமுக்கு ரெண்டு குடும்பம் வந்து நிக்குது. ரெண்டு பேர் கையிலயும் நம்ம மெயில் இருக்கு. நான் யாரை உள்ள விடட்டும்?"

மே மாதத்துச் சனிக்கிழமை மதியம். கோத்தகிரியில் மூன்று அறைகள் உள்ள ஒரு ஹோம்ஸ்டே. அதை நடத்தும் அக்காதான் போனில். முந்தின நாள் காலையில் அவருடைய வெப்சைட்டை, அடிக்கடி திணறிக்கொண்டிருந்த ஒரு ஹோஸ்டிங்கிலிருந்து வேகமான வேறொன்றுக்கு மாற்றியிருந்தேன். ஃபைல்கள் ஒன்று விடாமல் வந்திருந்தன, படங்கள் சரியாக இருந்தன, பக்கம் சட்டென்று திறந்தது. வேலை முடிந்தது என்று லேப்டாப்பை மூடிவிட்டேன்.

திருப்பூர்க் குடும்பம் வெள்ளிக்கிழமை மாலை அறை பதிந்தபோது, அவர்களுடைய இணைய இணைப்பு இன்னும் பழைய சர்வரின், அதாவது வெப்சைட் முன்பு குடியிருந்த கணினியின், முகவரியையே நினைவில் வைத்திருந்தது. அதே மாலை சென்னைக் குடும்பம் புதிய சர்வருக்கு வந்துவிட்டது. இரண்டிலும் முழு வெப்சைட் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ். இரண்டிலும் அந்த அறை காலி. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். அதையும் எடுத்துக்கொண்டு, குழந்தைகளோடு மலையேறி வந்து வாசலில் நிற்பவர்களிடம் "சர்வர் பிரச்சினை" என்று சொல்லி அனுப்ப முடியாது. அக்கா தன் சொந்த அறையை ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு இரவும் தங்கை வீட்டில் போய்ப் படுத்தார்.

வெப்சைட் மாற்றுவது என்றால் ஃபைலை நகலெடுப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. உண்மையில் நகலெடுப்பதில் தொலைவது குறைவு. தொலைந்தாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். முன்பதிவுகளும் ஆர்டர்களும் மெயில்களும் தொலைவது, பழையதும் புதியதும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் அந்த இடைவேளையில். அதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலைகளின் வரிசை தானாக விளங்கிவிடும்.

மேட்டுப்பாளையத்துக் கைகாட்டி

முதலில் மூன்று பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டொமைன் என்பது பெயர். அதைப் பதிந்து ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கிறோம். ஹோஸ்டிங் என்பது வீடு. ஃபைலும் டேட்டாபேஸும் குடியிருக்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் டிஎன்எஸ் என்ற கைகாட்டி இருக்கிறது. இந்தப் பெயரைத் தேடி வருகிறவரை இந்த ஐபி முகவரிக்கு (சர்வரின் எண் முகவரி) அனுப்பு என்று சொல்வது அதுதான். மூன்றையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்குவதால், மூன்றும் ஒன்றுதான் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பழைய ஹோஸ்டிங்கை ரத்து செய்ததும் வெப்சைட்டே காணாமல் போவது இதனால்தான். கைகாட்டியும் அவர்களுடைய நேம்சர்வரில், அதாவது டிஎன்எஸ் விவரங்களை வைத்திருக்கும் சர்வரில், இருந்திருக்கும். வீட்டைக் காலி செய்தபோது கைகாட்டியையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சீசனில் மேட்டுப்பாளையத்தில் காவல்துறை வழியை மாற்றிவிடும். ஊட்டிக்கு ஏறுகிறவர்கள் பர்லியாறு, குன்னூர் வழியாகப் போக வேண்டும். இறங்குகிறவர்கள் கோத்தகிரி வழியாக வர வேண்டும். பலகையைத் திருப்பிய நொடியிலேயே எல்லா வண்டியும் மாறிவிடாது. ஏற்கெனவே பிரிவைத் தாண்டிப் போனவர் பழைய வழியில்தான் இருப்பார். நேற்று வந்த வழியை நினைவில் வைத்திருக்கும் டிரைவர் பலகையை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்.

டிஎன்எஸ்ஸும் அப்படித்தான் வேலை செய்கிறது. 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் இந்த அமைப்பை வடிவமைத்தபோதே நினைவில் வைத்துக்கொள்வதும் அதன் பகுதியாக இருந்தது. ஒவ்வொரு முறையும் மூலத்தைப் போய்க் கேட்டால் இணையம் தாங்காது. அதனால் ஒவ்வொரு ரெக்கார்டோடும், அதாவது கைகாட்டியின் ஒவ்வொரு வரியோடும், ஓர் ஆயுள் எண் ஒட்டியிருக்கும். அதற்கு டிடிஎல் என்று பெயர், கணக்கு விநாடியில். 86400 என்று இருந்தால், ஒருமுறை கேட்டுக்கொண்ட இணைய நிறுவனம் 24 மணி நேரம் மறுபடி கேட்காது. அக்காவின் டொமைனில் இருந்தது அந்த 86400-தான். நான் திறந்து பார்க்கவே இல்லை. திருப்பூர்க் குடும்பம் பழைய வழியில் போனதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

செய்திருக்க வேண்டியது மிகச் சின்ன வேலை. மாற்றும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே அந்த எண்ணை 300 ஆக்கியிருக்க வேண்டும், அதாவது 5 நிமிடம். ஏன் இரண்டு நாள் முன்பே? டிடிஎல்லைக் குறைத்துவிட்டேன் என்ற செய்தியும் பழைய டிடிஎல் தீர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும். மாற்றுகிற அன்று காலையில் குறைத்தால் பயனில்லை. எல்லாம் அடங்கிய பிறகு மறுபடி உயர்த்திக்கொள்ளலாம். குறைந்த டிடிஎல்லைச் சில இணைய நிறுவனங்கள் மதிப்பதில்லை என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். அதனால்தான் 5 நிமிடம் போட்டாலும் பழைய சர்வரை அன்றே அணைக்கக் கூடாது.

இதில் இன்னொரு குழி உண்டு. பல ஹோஸ்டிங் நிறுவனங்கள் "எங்கள் நேம்சர்வருக்கு மாற்றுங்கள்" என்று மட்டும் வழிகாட்டும். டாட் காம் டொமைன்களுக்கு, எந்த நேம்சர்வரைக் கேட்க வேண்டும் என்ற தகவலுக்கு மேல்மட்டத்தில் வைத்திருக்கும் டிடிஎல் 172800 விநாடி. இரண்டு முழு நாள். அது நம் கையில் இல்லை, குறைக்கவும் முடியாது. நேம்சர்வர் மாற்றத்தையும் சர்வர் மாற்றத்தையும் ஒரே நாளில் செய்தால் இரண்டு நாள் குழப்பத்துக்கு நாமே கதவு திறந்துவிடுகிறோம். நேம்சர்வரையும் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், ஒரு வாரம் முன்பே அதை மட்டும் தனியாக மாற்றுங்கள். பழைய ரெக்கார்டுகள் அத்தனையையும் புது நேம்சர்வரில் அச்சு அசலாக எழுதிவிட்டு மாற்றினால் வருகிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அது நிலைத்த பிறகு, சர்வர் மாறும் இரவில் ஒரே ஒரு ஐபி முகவரியைத் திருத்தினால் போதும். டொமைனையே வேறு பதிவாளரிடம் (பெயரைப் பதிந்து தரும் நிறுவனம்) கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அதை இதோடு சேர்க்கவே வேண்டாம். டாட் காம் போன்றவற்றில் புதிதாகப் பதிந்தாலோ மாற்றினாலோ, மறுபடி வேறு பதிவாளரிடம் மாற்ற முடியாதபடி 60 நாள் பூட்டு விழும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், டொமைன் யார் பெயரில், எந்த மெயிலில் பதிந்திருக்கிறது என்று பாருங்கள். மலையில் நான் பார்த்த சின்ன வெப்சைட்டுகளில் பாதிக்கு மேல், என்றோ கோவையிலிருந்து வந்து செய்துகொடுத்துவிட்டுப் போன பையனின் மெயிலில்தான் இருக்கின்றன. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் போன் நம்பர் மாறியிருக்கும். அதைச் சரிசெய்யாமல் எதையும் தொடக்கூடாது.

மெதுவாக இருப்பது உண்மையில் எது?

ஹோஸ்டிங் மாற்றலாமா என்று கேட்டு வருகிறவர்களில் பலருக்கு மாற்றவே தேவையில்லை என்பது என் அனுபவம். தேயிலைத் தோட்டத்தைப் போனில் எடுத்த படம், 5 எம்பி, அப்படியே முகப்பில் ஏற்றியிருப்பார்கள். அப்படி எட்டுப் படம். எந்த சர்வருக்குக் கொண்டுபோனாலும் அந்த 40 எம்பி அவ்வளவுதான் இருக்கும். தொட்டபெட்டா அடிவாரத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் நிற்கும் டூரிஸ்டுக்கு அது திறக்கவே திறக்காது.

எனவே முதல் பைட், அதாவது சர்வரின் பதிலில் முதல் துளி, வந்துசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். பிரவுசரில் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து நெட்வொர்க் பகுதியில் முதல் வரியைப் பார்த்தால் தெரியும். 0.8 விநாடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் சொல்லும் அளவு. அதற்குள் வந்தும் பக்கம் மெதுவாக இருந்தால் குறை படங்களிலும் பக்கத்தின் கட்டமைப்பிலும் இருக்கிறது. இரண்டு மூன்று விநாடி ஆனால், அதுவும் நாளின் வெவ்வேறு நேரங்களில் அப்படியே இருந்தால், சர்வரைச் சந்தேகிக்கலாம்.

தூரமும் கணக்கில் வரும். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்தால் போய்வர சுமார் 28,000 கிலோமீட்டர். கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் ஒரு சுற்றுக்கு 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். இணைப்பு ஏற்படுத்த ஒரு சுற்று, பூட்டுச் சாவி பரிமாற ஒன்றோ இரண்டோ, பக்கத்தைக் கேட்டு வாங்க இன்னொன்று. சர்வர் ஒரு வேலையும் செய்யும் முன்பே 0.6 விநாடி போய்விட்டது. மும்பையிலோ பெங்களூரிலோ இருந்தால் ஒரு சுற்று சில பத்து மில்லி விநாடியில் முடியும். வருகிறவர்கள் பெரும்பாலும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என்றால் சர்வர் இந்தியாவில் இருப்பதுதான் சரி. டீத்தூளை ஐரோப்பாவுக்கு விற்கிறவருக்கு இந்தக் கணக்கு வேறு.

நம்பகத்தன்மை பற்றி விளம்பரத்தில் வரும் எண்களையும் நேரமாக மாற்றிப் படியுங்கள். 99.9 சதவீதம் என்றால் ஆண்டில் 8 மணி 45 நிமிடம் நின்றுபோகலாம் என்று அர்த்தம். 99 சதவீதம் என்றால் மூன்றரை நாளுக்கு மேல். அந்த மூன்றரை நாள் மலர்க் கண்காட்சி வாரத்தில் வந்தால் என்ன ஆகும் என்று மே மாதத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பேக்கப்பை வேறு ஊரில் வையுங்கள்

2021 மார்ச் 10 அதிகாலை பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் ஒன்று முழுக்க எரிந்துபோனது. லட்சக்கணக்கான வெப்சைட்டுகள் நின்றன. அதில் சிலருக்கு பேக்கப் இருந்தும் பயனில்லை. பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. ஹோஸ்டிங் நிறுவனம் தினமும் பேக்கப் எடுக்கிறது என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மாற்றத் தொடங்கும் முன் ஒரு முழு நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும்: ஃபைல்கள், டேட்டாபேஸ், டிஎன்எஸ் ரெக்கார்டுகளின் பட்டியல். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்தாலே போதும்.

நகலெடுக்கும்போது மலையில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. வீட்டு இணைப்பு வழியாக இறக்கி, மறுபடி ஏற்றாதீர்கள். 4 ஜிபி படங்களை 2 எம்பிபிஎஸ் அப்லோடில் ஏற்ற நாலரை மணி நேரம் ஆகும், அதுவும் இடையில் எதுவும் அறுந்துபோகாமல் இருந்தால். தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்தாலே மின்சாரமும் இணையமும் சேர்ந்து போகும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய ஊர் இது. சர்வரிலிருந்து சர்வருக்கு நேராகவே அனுப்பலாம். ஆர்சிங்க் என்ற கருவி 1996-லிருந்து இந்த வேலையைச் செய்கிறது. பாதியில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இரண்டாம் முறை ஓட்டினால் மாறியவற்றை மட்டும் அனுப்பும். முதல் நகலை நிதானமாக முந்தின வாரமே எடுத்துவிட்டு, மாறும் இரவில் மீதியை மட்டும் அனுப்ப இது உதவும். உங்கள் வீட்டில் கரண்ட் போனாலும் அங்கே வேலை ஓடிக்கொண்டிருக்கும்படி சர்வரிலேயே இயங்கும் டிமக்ஸ் போன்ற ஒரு கருவிக்குள் அதை ஓட்டுங்கள்.

தமிழில் எழுதும் வெப்சைட்டுகளுக்கு என்று ஒரு தனி ஆபத்து உண்டு; ஆங்கில வழிகாட்டிகளில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுக்கும். பழைய டேட்டாபேஸ் லத்தீன்-1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான பழைய முறை) என்று குறிக்கப்பட்டிருந்து, உள்ளே தமிழ் இருந்தால், பழைய சர்வரில் எல்லாம் சரியாகவே தெரியும். தவறும் தவறும் சேர்ந்து நேராகிவிடும். புதிய சர்வரில் இறக்கியதும் "தமிழ்" என்ற சொல் இருந்த இடத்தில், தலைமேல் கோடு போட்ட ஒரு சின்ன ஆங்கில 'ஏ', பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் 'ஆர்', அதற்குப் பின் ஏதோ ஒன்று, மறுபடி அதே 'ஏ', மறுபடி அதே 'ஆர்' என்று வரிசையாக நிற்கும். தமிழ்க் குறிகளின் முதல் இரண்டு பைட்டும் பெரும்பாலும் ஒன்றே என்பதால் அந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறது. இந்த நிலையில் பதற வேண்டாம், எழுத்து அழியவில்லை. டேட்டாபேஸை வெளியே எடுக்கும்போது லத்தீன்-1 என்றே சொல்லி எடுத்து, உள்ளே விடும்போது யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லி விட்டால் திரும்பிவிடும். ஆனால் கேள்விக்குறிகளாக மாறியிருந்தால் அந்த நகலில் எழுத்து உண்மையிலேயே போய்விட்டது; பழையதிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வெறும் 'யூடிஎஃப்8' என்று இருப்பது மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழ் பிழைத்துக்கொள்ளும், விருந்தினர் கருத்துகளில் போட்ட எமோஜிகள் பிழைக்காது.

அதனால் வழக்கமாகப் பார்க்கும் முகப்போடு நிறுத்தாமல், பழைய பதிவுகள், கருத்துகள், வாடிக்கையாளர் பெயர்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துச் சரிபாருங்கள். உலகத்துக்குக் காட்டும் முன் நீங்கள் மட்டும் பார்க்க வழி இருக்கிறது. உங்கள் கணினியில் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு ஃபைல் உண்டு. அதில் புதிய ஐபி முகவரியையும் டொமைன் பெயரையும் ஒரே வரியில் எழுதினால், உங்கள் கணினிக்கு மட்டும் கைகாட்டி திரும்பிவிடும். அதே பெயரில் புதிய சர்வர் திறக்கும். சோதனைக்கு ஓர் அறை பதிந்து பாருங்கள், பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட மறக்காதீர்கள்.

மெயில், பூட்டு, நேரம்

மெயில்தான் சத்தமில்லாமல் போகிறது. வெப்சைட் நின்றால் உடனே தெரியும். மெயில் நின்றால் "என்ன, யாரும் எழுதவே இல்லையே" என்று இரண்டு வாரம் கழித்துத்தான் தோன்றும். மெயில் பெட்டிகள் பழைய ஹோஸ்டிங்கிலேயே இருந்தால் அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும், மெயிலை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைத் தவறாமல் எழுத வேண்டும். மெயில் வேறிடத்தில் இருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. வெப்சைட்டிலிருந்து போகும் உறுதி மெயில்கள் இனிப் புதிய ஐபியிலிருந்து போகும். எங்கிருந்து வரும் மெயில் நம்முடையது என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியில் பழைய ஐபிதான் இருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் இறுக்கமாக இருக்கின்றன. அந்த வரியைத் திருத்தாவிட்டால் உங்கள் பதில் விருந்தினரின் ஸ்பாம் பெட்டிக்குப் போகும்.

வெப்சைட்டுக்குப் பூட்டாக இருக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழிலும் இதே போன்ற வரிசைச் சிக்கல். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் 90 நாள் சான்றிதழ், பெரும்பாலும் டொமைன் அந்த சர்வருக்கு வந்த பிறகுதான் கிடைக்கும். டொமைனோ சான்றிதழ் கிடைத்த பிறகு வந்தால்தான் நல்லது. பழைய சான்றிதழையும் அதன் சாவியையும் புதிய சர்வரில் ஏற்றிவிடலாம், அல்லது டிஎன்எஸ் ரெக்கார்டு மூலம் முன்கூட்டியே வாங்கலாம். பக்கங்களின் முகவரி மாறாதவரை கூகுள் தேடலில் இடம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். சோதனைக்காக "தேடுபொறிகளுக்குக் காட்டாதே" என்று டிக் செய்திருந்தால் அதை எடுத்துவிட்டீர்களா என்று மட்டும் பாருங்கள்.

எப்போது மாற்றுவது? ஏப்ரல் முதல் ஜூன் வரை தொடவே வேண்டாம். பனி உறையும் ஜனவரியில், வார நாளில், இரவு 11 மணிக்கு மேல். அந்த நேரத்தில் பழைய வெப்சைட்டின் முன்பதிவுப் படிவத்தை மூடி, "நாளை காலை வரை இந்த எண்ணில் அழையுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். மூடிய பிறகு டேட்டாபேஸின் கடைசி நகலை எடுங்கள், புதியதில் இறக்குங்கள், பிறகு ஐபியைத் திருப்புங்கள். பழையதில் அந்தப் படிவம் மூடியபடியே இருக்கட்டும். வழி தெரியாமல் அங்கே வருகிறவர் படங்களைப் பார்ப்பார், போன் நம்பரைப் பார்ப்பார். அறை மட்டும் பதிய முடியாது. இந்த ஒரு பூட்டு இருந்திருந்தால் அந்த மே மாதத்தில் இரண்டு குடும்பம் வந்து நின்றிருக்காது.

அடுத்த ஜனவரியில் அதே அக்காவின் தம்பி நடத்தும் டீத்தூள் கடையின் வெப்சைட்டை இப்படித்தான் மாற்றினேன். படிவம் மூடியிருந்தது 50 நிமிடம். மாற்றிய பிறகு தினமும் காலையில் பழைய சர்வரின் அக்சஸ் லாகைத் திறந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். முதல் நாள் நூற்றுக்கணக்கான வரிகள், மூன்றாம் நாள் பத்துப் பதினைந்து, ஒன்பதாம் நாளும் ஒரே ஓர் ஆள், அதே ஐபியிலிருந்து. பதினேழாம் நாள் தேடுபொறி ரோபோக்களைத் தவிர யாரும் இல்லை. இன்னும் ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டு, கடைசியாக ஒரு பேக்கப் எடுத்துக்கொண்டு, பழைய கணக்கை மூடினேன்.